மூன்று நாள் முந்திய பானை

மலைக்கு மேல் மலை அடுக்கிக் கிடந்த ஒரு நாட்டில், எந்த ராஜாவும் வரி கேட்டு ஏறி வர முடியாத உயரத்தில், முன்னொரு காலத்தில் இறும்பன் என்று ஒருவன் இருந்தான். கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிவதற்குள் நீங்கள் அவனைத் திட்டப் போகிறீர்கள்.

இறும்பன் வீட்டு அரிசிக் கள்ளுக்கு ஏழு மலையிலும் பேர். அரிசியைக் குழையச் சோறாக்கி ஆற வைப்பான். முளைகட்டிக் காய்ந்த தினையை இடித்து அதில் கலப்பான். தண்ணீர் சேர்த்துப் பானையில் ஊற்றி இலையால் மூடிவிடுவான். அப்புறம் பானை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் ஐந்து நாள், பனிமூட்டக் காலத்தில் ஒன்பது நாள்.

அவனுக்கு ஒரே மகள், பெயர் நொச்சி. ஓடைக்கு அக்கரையில் இருந்த ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தான். கல்யாணம் ஆன மறுமாசமே இரண்டு ஊருக்கும் வேட்டை எல்லையில் தகராறு வந்தது. கம்பு தூக்கினார்கள், மண்டைகள் உடைந்தன. இனி ஓடையைத் தாண்டுவதில்லை என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்தார்கள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. பேத்தி பிறந்த சேதியைக்கூடத் தேன் விற்க வந்த ஒருவன் சொல்லித்தான் இறும்பனும் அவன் மனைவி பீலியும் தெரிந்துகொண்டார்கள். அன்று முழுவதும் பீலி அடுப்பே பற்றவைக்கவில்லை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பகையைத் தீர்ப்பதானால் குறிஞ்சி பூக்கிற வருஷத்தில்தான் தீர்க்கலாம். அதாவது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இரண்டு ஊர் அரிசியையும் சம அளவில் கலந்து ஒரே பானையில் கள் வடிக்க வேண்டும். வடித்தவனும் எதிரூர்த் தலைவனும் எல்லோர் முன்னிலையிலும் சேர்ந்து குடிக்க வேண்டும். அதற்கு முன் யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. குடித்தது உள்ளே இறங்கினால் சமாதானம். ஒரு சொட்டு வாயிலிருந்து வெளியே விழுந்தாலும் அடுத்த குறிஞ்சிவரை பேச்சே கிடையாது.

குறிஞ்சி பூத்தது. அக்கரைத் தலைவன் வரையன் அரிசியோடு ஆள் அனுப்பினான்.

"பனி இறங்கியிருக்கு. பானைக்கு ஒன்பது நாள் வேணும்னு தலைவர் சொன்னார். ஒன்பதாம் நாள் காலையில ஓடைக்கரைக்கு வர்றோம். உங்க மகளும் பேத்தியும் கூட வர்றாங்க" என்றான் வந்தவன்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் இறும்பனைக் கெடுத்தது. எட்டு வருஷம் பொறுத்தவனுக்கு ஒன்பது நாள் பொறுக்க முடியவில்லை.

"ஒன்பது நாள் எதுக்கு? ஆறாம் நாளே வரச் சொல்லு. பானை என் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இரண்டு ஊர் அரிசியையும் கலந்து இறும்பன் பானை வைத்தான். அதில் கொள்ளாமல் மிஞ்சிய கூழைப் பீலி ஒரு சின்னப் பானையில் வழித்து, ஈரச் சுவர் ஓரமாக வைத்தாள். பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள்.

இரண்டாம் நாள் இறும்பன் பெரிய பானையில் காதை வைத்துக் கேட்டான். சத்தமே இல்லை. பானையைத் தூக்கி அடுப்பை ஒட்டி வைத்தான்.

"பானைக்கு நம்ம அவசரம் தெரியாது" என்றாள் பீலி.

"பானைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றான் அவன்.

மூன்றாம் நாளும் கேட்டான். ஏதோ முணுமுணுப்பு, அவ்வளவுதான். இன்னும் இரண்டு பங்கு முளைத்தினையை இடித்துக் கொட்டினான்.

"பானைக்கு நம்ம அவசரம் தெரியாது" என்றாள் பீலி.

"பானைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றான்.

நான்காம் நாள் ஒரு குடுவைத் தேனையும் ஊற்றி, பானையைக் கம்பளியால் போர்த்தி, சுற்றிலும் தணல் பரப்பினான். பீலி அதையே மூன்றாம் முறை சொன்னாள். அவன் தணலை ஊதிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் பானை பொங்கி இலையைத் தள்ளியது. இறும்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நுரை வழிந்த இடத்திலிருந்து மூக்கைக் குத்துகிற நாற்றம், கள் கெட்டுக் காடியாகிற நாற்றம் வந்தது. அது அவனுக்குத் தெரியாத நாற்றமா? நன்றாகவே தெரியும். கள்ளுக்கு வீரியம் ஏறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ஆள் அனுப்பி ஒன்பது நாள் தள்ளிக் கேளுங்க. இன்னும் அரிசி இருக்கு, வேற பானை வைப்போம். அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று கெஞ்சினாள் பீலி.

"நான் சொன்ன நாளை நானே மாத்தவா? ஏழு மலையும் சிரிக்கும்."

பாருங்கள், மகளைப் பார்க்கும் ஆசையில் ஆரம்பித்தவன் எங்கே வந்து நின்றுவிட்டான்.

ஆறாம் நாள் காலை ஓடைக்கரையில் இரண்டு ஊரும் கூடியது. அக்கரையில் நொச்சி நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் ஜாடையிலேயே ஒரு சிறுமி. வடித்தவனும் தலைவனும் குடித்து முடிக்கும்வரை ஓடையில் கால் வைக்கக் கூடாது என்பதால் அங்கேயே நின்றார்கள். பீலி இக்கரையில் ஈரமணலில் நின்று பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரையன் மட்டும் ஓடையைத் தாண்டி வந்து கொட்டாங்கச்சியை வாங்கினான். நல்ல மனுஷன். வாசனை வந்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தும் முகத்தைச் சுளிக்காமல் ஒரே மூச்சில் வாயில் ஊற்றிக்கொண்டான். இறும்பனும் குடித்தான். நெருப்பை விழுங்கினாற்போல் இருந்தது, விழுங்கிவிட்டான்.

வரையனும் விழுங்கத்தான் பார்த்தான். கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் வயதான தொண்டை, புரையேறிவிட்டது. விரலிடுக்கு வழியாகக் கள் மண்ணில் சிந்தியதை இரண்டு ஊரும் பார்த்தது.

வரையன் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்: "சொல்லியிருந்தா காத்திருப்போமே, இறும்பா. எங்களுக்கு என்ன அவசரம்?"

இறும்பன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது நொச்சி மகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். சிறுமிதான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலை வீடெல்லாம் ஒரு நல்ல மணம். எங்கிருந்து என்று தேடிய பீலி, சுவரோரத்துச் சின்னப் பானையின் இலையை விலக்கினாள். சுனைநீர்போலத் தெளிந்த கள். யாரும் தொடவில்லை, யாரும் சூடு காட்டவில்லை. இறும்பன் ஒரு வாய் குடித்தான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு கள் வடித்ததில்லை. குந்தி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பீலி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் காத்திருக்க மாட்டாதவன் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தான்.

மறுபடி குறிஞ்சி பூத்தது. இறும்பன் பானை வைத்தான். ஒன்பது நாளும் அதன் பக்கமே போகவில்லை. வரையனின் மகன் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். இரண்டு ஊரும் ஆரவாரம் செய்தது. நொச்சி ஓடையைத் தாண்டி ஓடி வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. பின்னால் கல்யாண வயதில் பேத்தி. நொச்சி அப்பனைக் கட்டிக்கொண்டாள், பிறகு அவன் தோளுக்கு மேலாகக் கூட்டத்தில் யாரையோ தேடினாள்.

"அம்மா எங்கப்பா?"

பீலி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன பனிக்காலத்தில், ஈரச் சுவர் ஓரம் பாயில் கிடந்தபடி, குறிஞ்சிக்கு இன்னும் எத்தனை மாசம் என்று கேட்டுக்கொண்டே போனாள். இறும்பன் மகளின் கையைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

கேட்டீர்களா? அதனதன் நாளில் ஆக வேண்டியதை நம் ஆசைக்காக முந்த வைத்தால், கைக்கு வர இருந்ததையும் இழந்துவிடுவோம்.