விரால் குஞ்சுக்கு அப்பனான பண்டிதர்

ஏழு ஏரி தாண்டி எட்டாவது ஏரிக்கரையில ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு எதைப் பாத்தாலும் கேள்விதான். எறும்பு ஏன் வரிசையா போகுது, கோழி ஏன் தண்ணி குடிச்சிட்டு மேல பாக்குதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாராம். உங்களை மாதிரியேதான், என்ன, அவருக்குக் கிரீடம் இருந்துச்சு.

ஒருநாள் மத்தியானம் ராசா விரால் மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட உக்காந்தாரு. எலையில ஒரு மீன் தலை. அந்தத் தலையில இருந்த கண்ணு ராசாவையே பாத்துச்சு. இந்தப் பக்கம் சாஞ்சாரு, பாத்துச்சு. அந்தப் பக்கம் சாஞ்சாரு, பாத்துச்சு. தலையப் புரட்டிப் போட்டாரு, இன்னொரு கண்ணு பாத்துச்சு. பிசைஞ்ச சோத்தை அப்படியே வச்சிட்டு, "பண்டிதரே, மீனுக்கு மனசு இருக்கா?"ன்னு கேட்டாரு.

அரண்மனைப் பண்டிதர் ஏகாம்பரம் பக்கத்துலயே இருந்தாரு. நல்ல தொப்பை. "மீனுக்கு இமை இல்ல, குரல் இல்ல, கண்ணீர் இல்ல. இது மூணும் இல்லாததுக்கு மனசு எங்கேருந்து வரும்? குழம்பு ஆறுது, சாப்பிடுங்க ராசா"ன்னாரு.

"அது தண்ணிக்குள்ளயேல்ல இருக்கு, அழுதா நமக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டாரு ராசா. அதோட விடல, "சரி, இதைப் பிடிச்சவங்களக் கூப்பிடுங்க"ன்னாரு ராசா.

அந்த ஏரியில தூண்டில் போடுறவ சடைச்சி. புருசன் இல்ல, மூணு பொம்பளப் புள்ளைங்க, மீன் வித்தாத்தான் அடுப்பு எரியும். அவ அரண்மனை வாசலுக்கு வந்ததும் பண்டிதர் ஓடிப்போய் மறிச்சுக்கிட்டாரு. "இந்தா பாரு சடைச்சி, மனசு இருக்குன்னு வாயத் தொறந்துடாத. நாளைக்கே மீன் பிடிக்கக் கூடாதுன்னு ராசா தண்டோரா போட்டுருவாரு. அப்புறம் உன் புள்ளைங்க மண்ணத்தான் திங்கணும்"னாரு. சடைச்சி பாவம், தலைய ஆட்டிக்கிட்டா.

உள்ள போனதும் ராசா கேட்டாரு, "மீனுக்கு மனசு இருக்கா தாயி?"

"எனக்குத் தெரியாது ராசா."

"சரி, இந்த விரால எப்படிப் பிடிச்ச, அதையாவது சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. சொல்லிட்டா. "தண்ணி மேல குங்குமத்தக் கொட்டுன மாதிரி செவசெவன்னு குஞ்சுக மிதக்கும் ராசா. அதுக்கு அடியிலேயே ஆயியும் அப்பனும் காவல் நிக்கும். தூண்டில்ல தவளையக் கோத்து, குஞ்சுக நடுவுல ஆட்டுவேன். பெருசு வந்து கவ்விரும்."

"பசிக்குக் கவ்வுதா?"

"இல்ல ராசா, வயிறு நெறஞ்சிருந்தாலும் கவ்வும்."

"பின்ன எதுக்கு?"

"புள்ளையத் தொட்டா கோவம் வராதா ராசா?"

சொன்ன பிறகுதான் சடைச்சிக்கே தான் என்ன சொன்னோம்னு தெரிஞ்சுது, கண்ணுல தண்ணி வந்துருச்சு. "குஞ்சோட இருக்கிற விரால நாங்க தொடுறதில்ல ராசா, அது எங்க வழக்கம். அந்த மாசத்துல கெண்டை கெளுத்திதான் பிடிப்போம். ராசா தினமும் விரால்தான் கேக்குறாருன்னு பண்டிதர் ஐயா மெரட்டுனதாலதான் போட்டேன்."

"நானா? நான் கேக்கலையே"ன்னாரு ராசா. அப்புறம் எலையப் பாத்தாரு, பண்டிதரோட தொப்பையப் பாத்தாரு. "எனக்கு ஒருநாள் தலை வருது, ஒருநாள் வாலு வருது. இத்தனை நாளா நடுத்துண்டம் எங்கய்யா போச்சு?"

பண்டிதர், "ராசா, அது கோவமே இல்ல. காத்தடிச்சா கதவு சாத்துதே, அது மாதிரிதான்"னாரு.

"இருக்கலாம். நமக்குத் தெரியாதே. நீரே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும். அப்பன நீர் தின்னுட்டீர், குஞ்சுக விரல் நீளம் ஆகுற வரைக்கும் நீர்தான் அதுகளுக்கு அப்பன்"னுட்டாரு ராசா.

ஏரியில குஞ்சுக மிதக்குற இடத்துல, பண்டிதர் இடுப்பளவு தண்ணியில நின்னாரு. மொத நாள் கொக்கு வந்துச்சு, ஒரு குஞ்சைக் கொத்திக்கிட்டுப் போச்சு, பண்டிதர் கொட்டாவி விட்டாரு. ரெண்டாம் நாள் மீன்கொத்தி வந்துச்சு, கொத்திக்கிட்டுப் போச்சு, பண்டிதர் உச்சுக்கொட்டுனாரு. மூணாம் நாள் தண்ணிப்பாம்பு வந்துச்சு. அன்னைக்கு, குஞ்சுக அத்தனையும் சரசரன்னு ஓடிவந்து பண்டிதரோட நிழலுக்குள்ள பூந்துக்கிச்சு. பண்டிதருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மேல்துண்டை உருவிப் பாம்பை அடிச்சு விரட்டுனாரு பாருங்க, கரையில நின்னவங்க சிரிச்சு மாளல.

குஞ்சு விரல் நீளம் ஆச்சு, பண்டிதர் தொப்பை கரைஞ்சு கரையேறுனாரு. ராசா அவருக்கு எலை போட்டு மீன் குழம்பு ஊத்தச் சொன்னாரு, இந்தத் தடவை முழுசா நடுத்துண்டம். பண்டிதர் எலையப் பாத்தாரு. "இது... குஞ்சோட இருந்ததா?"ன்னு சடைச்சியக் கேட்டாரு.

"இல்லைங்க ஐயா. தனியாத் திரிஞ்சது."

அப்பவும் கை எலைக்குப் போகல. "கதவு சாத்துதா, கோவப்படுதா? சொல்லும்"னாரு ராசா.

"தெரியல ராசா. ஆனா என் நிழலுக்கு வந்துச்சுங்க"ன்னு சொல்லிட்டு, ரசம் ஊத்திக்கிட்டாரு பண்டிதர்.

ராசா சடைச்சியப் பாத்து, "நீ என்ன தாயி பண்ணப்போற?"ன்னாரு.

"நான் பிடிப்பேன் ராசா, எனக்கு வேற பொழைப்பு இல்ல. என் புள்ளைங்களுக்கும் பசிக்கும். ஆனா அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

குஞ்சு மிதக்குற மாசத்துல விராலுக்குத் தூண்டில் போடக் கூடாதுன்னு மட்டும் ராசா தண்டோரா போட்டாரு. அந்த மாசம் கெண்டை கெளுத்தி, மத்த மாசம் விரால்னு சடைச்சி அடுப்பு எரிஞ்சுது. ராசா என்ன சாப்பிட்டாருன்னு கேக்குறீங்களா? சில நாள் மீனு, சில நாள் மோரு. மீன் சாப்பிடுற அன்னைக்கெல்லாம் மீன் தலைய அந்தப் பக்கம் திருப்பி வைக்காம, அந்தக் கண்ணைப் பாத்துட்டுத்தான் சாப்பிட்டாராம்.

ஏரித் தண்ணி ஏரியில, கதை உங்க காதுல.