வலது இறக்கையில் ஒரு பச்சைப் புள்ளி

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் ஜெபசெல்வி மேடத்துக்குக் கிடையாது. அவரிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கொம்பையாவுக்கு அது தெரிந்துபோயிற்று.

"தட்டான் எப்ப மேடம் கடலுக்குக் கிளம்பும்?" என்று முதல் வருடம் கேட்டான். அவர் ஒரு ஈரத்துண்டைக் கையில் கொடுத்து, அதைத் தூக்கிப் பிடித்தபடி மணல்மேட்டில் நிற்கச் சொன்னார். காற்று திரும்பி, துண்டு கடல் பக்கம் படபடக்கும்வரை நின்றான். துண்டு திரும்பிய சற்று நேரத்தில் தட்டான்களும் கிளம்பின. காற்றைப் பார்த்துக் கிளம்பும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோள்பட்டை தப்பித்திருக்கும்.

அடுத்த பருவம் முடிந்ததும், "இத்தனைக்குப் புள்ளி வச்சும் ஒண்ணுகூடத் திரும்பக் கிடைக்கலையே மேடம்?" என்று கேட்டான். அவர் அவனை விடுதிச் சமையலறைக்கு அழைத்துப்போனார். ஒரு அரிசியில் பேனாவால் புள்ளி வைத்தார். அதை மூட்டைக்குள் போட்டு, கையை விட்டுக் கிளறி, "எடு" என்றார். கிளறிச் சிந்திய அரிசிக்காகச் சமையல்கார அம்மா கொம்பையாவுக்கு நெடுநாள் அப்பளம் வைக்கவில்லை. மேடத்துக்கு வைத்தாள்.

அவன் வேலை இதுதான். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியதும் தட்டான்கள் தென்கரை மணல்மேடுகளில் வந்து கூடும். முட்டையிட நல்ல தண்ணீர் வேண்டும் அதற்கு. குஞ்சு வளரவும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அப்படிப்பட்ட பூச்சி, சொட்டு நல்ல தண்ணீர் இல்லாத கடலுக்குமேல் கூட்டம் கூட்டமாகப் போகிறது. எங்கே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கொம்பையாவின் ஆய்வு. வலை வீசிப் பிடிப்பான். முன்புற வலது இறக்கையில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பான். விடுவான். கடலுக்கு அந்தப் பக்கம் யாராவது அந்தப் புள்ளியைப் பார்த்துச் சொன்னால், போதும்.

யாரும் சொல்லவில்லை. பேனா முனையில் உப்புக்காற்று அடைத்துக்கொண்டது. வலையை ஆடு தின்றது. சுற்றுலா வந்தவர்கள், "இதுல மீன் விழுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டிலிருந்து அப்பா போன் செய்தால் ஒரே கேள்வி. "எய்யா, படிப்பு எப்பம் முடியும்?" அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் கொம்பையா. எப்போது முடியும் என்று அவனுக்கே தெரியாது என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகம் கெடு வைத்துவிட்டது. ஆய்வுக் குழு கூடும் நாளில் அவன் ஏதாவது முடிவைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை அந்தப் படம் வந்தது.

மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே பள்ளி ஆசிரியை ஷரீஃபா தன் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். துணிக்கொடியில் ஒரு தட்டான். முன்புற வலது இறக்கையில் பச்சைப் புள்ளி.

கொம்பையா கட்டிலில் ஏறி நின்று கத்தினான். பிறகு அப்பாவைக் கூப்பிட்டான். அரைமணி நேரத்தில் அப்பாவே திரும்பக் கூப்பிட்டார். "எய்யா, டீக்கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எம் மவன் விட்ட தட்டான் கடலைத் தாண்டிட்டுன்னு. பேப்பர்ல வருமாய்யா?"

"வரும்ப்பா."

மேடம் அப்போது மணல்மேட்டில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அந்தத் தீவுக்கு நீ போயிருந்தேல்லா?"

"ஆமா மேடம். போன மாசம். புள்ளி வச்ச தட்டானை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நீங்கதானே அனுப்பினீங்க."

"அங்க ஒண்ணைப் பிடிச்சுப் புள்ளி வச்சுக் காட்டினியா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். பதில் தயாராக இருந்தது.

"காட்டினேன் மேடம். பள்ளிக்கூட வாசல்லயே நெறைய திரிஞ்சுது, அதுல ஒண்ணு. ஆனா உங்க விதி எனக்கு ஞாபகம் இருக்கு. ஆய்வுக்கு வச்சா வலது. வகுப்புல காட்டுறதுக்கு வச்சா இடது. நான் அங்க இடதுலதான் வச்சேன். படத்துல இருக்கது வலது. அப்ப இது நம்ம கரையில நான் வச்சது."

"சரி. எனக்கும் அந்த வகுப்பை எடு."

"என்னது?"

"அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்த மாதிரியே எடு."

"மேடம், நாளைக்குக் கூட்டம். நான் இன்னும் ஒண்ணும் தயார் பண்ணலை."

அவர் கொய்யாக் கொட்டையைத் துப்பிவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டார்.

கொம்பையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாழ்த்துச் சொல்லத் தெரிகிறதா இந்த மனுசிக்கு? ஈரத்துண்டு, அரிசி மூட்டை, இப்போது வகுப்பு. வலையை எடுத்து வீசினான். தப்பியது. மறுபடி வீசினான். கோரைப்புல் வந்தது.

"பிள்ளைங்க கொட்டாவி விடுது சார்" என்றார் மேடம்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி ஒன்றைப் பிடித்தான். அவர் எதிரே வந்து நின்றான்.

"பிள்ளைகளா, இது தட்டான்." குரலில் எரிச்சல் வழிந்தது. "மார்பை மெதுவா இப்படிப் பிடிச்சா நாலு இறக்கையும் விரிஞ்சு நிக்கும். எல்லாரும் முதுகைப் பாருங்க. தெரியுதா?"

"தெரியலை சார்."

தட்டானின் தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி, முதுகை அவர் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினான். வயிறு அவன் பக்கம் வந்தது. "இப்பம் தெரியுதா? இதுதான் முன் இறக்கை. பாடத்துக்குப் புள்ளி வைக்கும்போது இடது இறக்கையிலதான் வைக்கணும்." தன் இடது பக்கம் இருந்த இறக்கையில் பச்சை மையைத் தொட்டு வைத்தான். "அவ்வளவுதான். இறக்கை கண்ணாடி மாதிரி இருக்கதால ரெண்டு பக்கமும் புள்ளி தெரியும். வகுப்பு முடிஞ்சுது. நான் போகலாமா?"

"எந்த இறக்கைன்னு சொன்னே?"

"இடது, மேடம். இடது!"

மேடம் எழுந்து வந்தார். தட்டானைத் தன் விரலுக்கு மாற்றி வாங்கினார். அதன் முதுகு கொம்பையாவின் பக்கம் வரும்படி திருப்பி, அவன் தினமும் கரையில் பார்க்கிற மாதிரியே அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

புள்ளி வலது இறக்கையில் இருந்தது.

கொம்பையா தட்டானைப் பார்த்தான். தன் இடது கையைப் பார்த்தான். மறுபடி தட்டானைப் பார்த்தான்.

மேடம் விரலைத் தளர்த்தினார். அது பறந்துவிட்டது.

"இதை நீங்க கேக்காம இருந்திருக்கலாம்லா?" என்றான்.

"இருந்திருக்கலாம்."

"படத்துல இருக்கது நான் இங்க வச்சதாவும் இருக்கலாம்லா மேடம்? ஆயிரக்கணக்குல வச்சிருக்கேன். அதுல ஒண்ணு போயிருக்கலாம்லா?"

"இருக்கலாம்."

"எல்லாத்துக்கும் இருக்கலாம், இருக்கலாம்னா நான் என்ன செய்ய? இருக்கலாம்னு எழுதினா யாரு பட்டம் கொடுப்பா?"

மேடம் அடுத்த கொய்யாவைத் துடைத்தார்.

"நான் எப்படிப் பிடிச்சேன்னு குழுவுல யாருக்கும் தெரியாது" என்றான் கொம்பையா. "உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"ஆமா."

"வேண்டாம்னு சொல்லுங்களேன். செய்யாதன்னு திட்டுங்களேன். என்னத்தையாவது நேரா ஒரு தடவை சொல்லுங்களேன் மேடம்!"

அவர் பழத்தில் பாதியை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

மேட்டிலிருந்து இறங்கிப் போனான். பாதி வழியில் நின்றான். டீக்கடையில் அப்பா இப்போது மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டவர்கள் நாளைக்கும் கேட்பார்கள். ஆனால் மேடம் திருப்பிக் காட்டியபோது புள்ளி வலது இறக்கையில் அல்லவா இருந்தது. படத்தில் இருந்தது அந்த வகுப்புத் தட்டானாக இருக்க முடியாது என்று காலையில் கட்டிலில் ஏறிக் கத்தியபோது எவ்வளவு நிச்சயமாக இருந்தான்.

ஷரீஃபா டீச்சரைக் கூப்பிட்டான்.

"சார்! பிள்ளைங்க எல்லாம் ஒரே ஆட்டம். கடல் தாண்டி வந்த விருந்தாளின்னு அதுக்கு ஊஞ்சல் கட்டணுமாம்."

"டீச்சர், ஒரு தப்பு நடந்துபோச்சு. அது நான் உங்க வாசல்ல பிடிச்சு, வகுப்புல புள்ளி வச்சதாத்தான் இருக்கணும். இடதுன்னு நினைச்சு வலதுல வச்சிருக்கேன். பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

"அப்போ அது விருந்தாளி இல்லையா சார்? நம்ம ஊர்த் தட்டானா?"

"ஆமா டீச்சர். உங்க ஊர்த் தட்டான்தான்."

போனைச் சட்டைப்பையில் போட்டான். திரும்ப மேடேறி வந்து, மேடத்துக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். பேனா கையிலேயே இருந்தது. மூடி எங்கோ மணலில் விழுந்துவிட்டது. விரலெல்லாம் பச்சை.

"டீச்சர்ட்ட சொல்லிட்டேன். அப்பாட்ட இன்னும் சொல்லலை."

மேடம் தலையசைத்தார்.

"இத்தனை வருசம் இந்த வெயில்ல நின்னது எல்லாம் தண்டம். ஒண்ணுகூடத் தாண்டலை. நாளைக்கு அவங்க முன்னால நின்னு நான் என்னத்தச் சொல்லட்டும்? இதுக்காவது ஒரு பதில் சொல்லுங்க மேடம். துண்டு வேண்டாம், அரிசி வேண்டாம். பதில்."

மேடம் கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தத் தீவுல குளம் இருக்கா?"

கொம்பையா தலையில் கை வைத்துக்கொண்டான். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களே. இல்ல மேடம். குளம் இல்ல."

"ஓடை?"

"நடந்தா கொஞ்ச நேரத்துல தீவே முடிஞ்சிரும். இதுல ஓடை எங்க? கிணத்துத் தண்ணி உப்பு. குடிக்கிறதுக்கு மழைத் தண்ணியைப் பிடிச்சு, கொசு போகாம வலை கட்டி மூடி வச்சிருக்காங்க. நான் குளிக்கவே ஒரு வாளிக்குக் கெஞ்சினேன். எதுக்குக் கேக்கீங்க?"

"வகுப்பு எடுக்கப் பள்ளிக்கூட வாசல்ல ஒண்ணைப் பிடிச்சியே" என்றார் மேடம். "அது எந்தத் தண்ணியில பிறந்துது?"

"அங்க ஏது மேடம் தண்ணி..." என்று ஆரம்பித்த கொம்பையா, பாதியிலேயே கடல் பக்கம் திரும்பினான்.

மேடம் மீதிப் பழத்தை மறுபடி நீட்டினார். அவன் பச்சை விரலால் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். கடித்துத் தின்னத் தோன்றவில்லை. தலைக்குமேல் புள்ளியில்லாத தட்டான்கள் காற்று போகிற பக்கம் போய்க்கொண்டிருந்தன.