அடுத்தவர் கைச் சோறு

மலையடிவாரத்து மடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த துறவிக்கு வயது நாற்பத்திரண்டு. அவரிடம் சீடராக வந்துபோன கொம்பையாவுக்கு எழுபது. கொம்பையா துறவியைச் சாமியம்மா என்பார். துறவி அவரை அண்ணாச்சி என்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் கொம்பையா ஒரு கேள்வியோடு வருவார். தூங்கும்போது மனசு எங்கே போகிறது, கல்லுக்கு வலிக்குமா, இப்படி ஏதாவது. அந்த வெள்ளிக்கிழமை கேள்வியோடு ஒரு நாயும் வந்தது. கொம்பையா கையில் ஒரு நோட்டு.

“இது யாரு அண்ணாச்சி?”

“ஏட்டு. நான் காவல் பாத்த மாந்தோப்பு முதலாளி வச்ச பேரு. கை நீட்டி வாங்காத போலீஸ் ஏட்டு ஒண்ணாவது ஊர்ல இருக்கட்டும்னு.”

சாமியம்மா சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. செம்பழுப்பு நாய். ஒரு காது மடிந்திருந்தது.

“கேள்வி?”

“நான் செத்ததுக்கு அப்புறம் இவன் என்ன ஆவான்?”

கொம்பையாவுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. மிச்சமிருக்கும் ஆயுளைப் பற்றி டாக்டர் மாதக்கணக்கில் பேசினாரே தவிர வருடக்கணக்கில் பேசவில்லை. கொம்பையா இதைச் சாயங்காலம் மழை வரலாம் என்பதுபோலச் சொன்னார். மனைவி போய் ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை.

“இவனைப் பத்தி எல்லாம் எழுதிட்டேன். நீங்க வச்சிக்கிடுங்க. நோட்டையும், இவனையும்.”

சாமியம்மா நோட்டைப் பிரித்தார். ஒரு வரி விடாமல் படித்தார்.

“பட்டாசு வெடிச்சா கட்டிலுக்கு அடியில போவான், இழுக்கக் கூடாது. சரி. வலது காதைச் சொறியலாம், இடது காதைத் தொடக் கூடாது. இடது காதுல என்ன?”

“தெரியாது. அவன் சொன்னதில்லை.”

அவர் கடைசிப் பக்கம்வரை போய்த் திரும்பி வந்தார்.

“எல்லாம் இருக்கு. சோறு வைக்கிறதைப் பத்தி ஒண்ணும் இல்லையே.”

கொம்பையா நாயைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

மாந்தோப்புக் காவல் நாய்க்கு முதல் பாடமே அதுதான். திருட வருகிறவன் கறியில் விஷம் வைத்து வீசுவான். அதனால் குட்டியிலேயே பழக்குவார்கள். யாரையாவது விட்டுத் தின்பண்டம் நீட்டச் சொல்வது. குட்டி வாய் வைத்தால் மூக்கில் சுள்ளியால் ஒரு அடி. காவல்காரர் கையால் வைத்தால் மட்டும் அடி கிடையாது. கொம்பையா முப்பது வருடத்தில் ஆறு நாய்களைப் பழக்கியவர். மற்றதெல்லாம் ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. ஏட்டு நான்கே நாளில் படித்துவிட்டான்.

“போன மாசம் மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சி கஞ்சி வச்சிருக்கா, மீன் வச்சிருக்கா. தொடலை. வெறும் தண்ணி. நான் வந்து வச்சப்புறம்தான் தின்னான். இனி வராமலே போயிட்டேன்னா?”

சாமியம்மா உள்ளே போய் ஒரு தட்டில் தயிர்ச்சோறு கொண்டுவந்து நாய்க்கு முன்னால் வைத்தார். ஏட்டு மோந்தது. கொம்பையாவைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். உங்க கை எங்க இருக்கு அண்ணாச்சி?”

அவர் கை நாயின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று எடுத்தார்.

“பழக்கம்.”

“அது வேண்டாம்னதும் உங்க முகத்தைப் பாக்கணுமே. மக முதல் மார்க் வாங்கின மாதிரி.”

“சாமியம்மா, நான் பயந்துபோய் வந்திருக்கேன்.”

“பயமும் இருக்கு. இல்லைங்கல. நாளைக்கும் வாங்க.”

மறுநாள் கொம்பையா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். நாய் தின்னவில்லை. அதற்கடுத்த நாள், “தின்னுலே” என்றார். கெஞ்சினார். “உன்னைப் பெத்தவளும் இப்படித்தானாலே?” என்று திட்டினார். நாய் வாலை மட்டும் ஆட்டியது. நான்காம் நாள் கிணற்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நாய் போய்க் கண்டுபிடித்தது. ஒவ்வொரு நாளும் கடைசியில் அதே சோற்றை அவர் கையில் எடுப்பார், அது நக்கித் தின்னும்.

ஐந்தாம் நாள் சாமியம்மா தட்டைப் பார்க்கவில்லை, நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல உங்களைத்தான் பாக்குது. எதைத் தேடுது?”

“உத்தரவை.”

“அதைத்தான் கொடுத்துட்டீங்களே. அப்பவும் தேடுது.”

அவர் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தி, அதன் கண் இருந்த உயரத்தில் தன் கண்ணை வைத்துக் கொம்பையாவைப் பார்த்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார். கொம்பையா கூச்சத்தில் நெளிந்தார். மடியில் அவருடைய சாப்பாட்டுத் தூக்குவாளி இருந்தது.

“அண்ணாச்சி, எத்தனை வருசமா இங்க வாரீங்க?”

“பதினொண்ணு.”

“சாப்பாட்டு நேரத்துலதான் வாரீங்க. ஒரு நாளாவது இங்க கை நனைச்சிருக்கீங்களா?”

“நான் யார் வீட்டுலயும் கை நனைக்கிறதில்லையே.”

“பேச்சி வீட்டுல?”

“அவ கொண்டுவந்து வைப்பா. மனசு கோணக்கூடாதுன்னு வாங்கிக்கிடுவேன். பாத்திரத்தை விளக்கித் திருப்பிக் கொடுத்துருவேன்.”

“சோறு?”

“கோழிக்குப் போட்டுருவேன்.”

“அப்ப ஏட்டு எங்க இருப்பான்?”

“பக்கத்துலதான்...” கொம்பையா நிறுத்திவிட்டார்.

சாமியம்மா எழுந்து உள்ளே போனார். இன்னொரு தட்டில் சோறும் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுவந்து கொம்பையாவுக்கு முன்னால் வைத்தார்.

“எனக்கு எதுக்கு? வாளியில இருக்கு.”

“பதினோரு வருசமா எங்கிட்ட ஞானம் வாங்குதீங்க. சோறு வாங்கக் கூடாதா?”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாய் அவரைப் பார்த்தது. அவர் தட்டைப் பார்த்தார். கடைசியில் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிசைந்தார். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார். அவர் தாடை அசைவதை நாய் கண் எடுக்காமல் பார்த்தது. இரண்டாவது கவளம். மூன்றாவது. குழம்பு நன்றாயிருந்திருக்க வேண்டும், நான்காவதைக் கொஞ்சம் பெரிதாக உருட்டினார்.

ஏட்டு தன் தட்டில் தலையைத் தாழ்த்தியது. நாக்கு உரசும் சத்தம் கேட்டது.

“தின்னுட்டான்,” என்றார் கொம்பையா. மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

“பிறகு என்ன அண்ணாச்சி?”

“ஏழு வருசம் சாமியம்மா. எனக்கு மட்டும்னு இருந்தான்.”

சாமியம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டால் முகத்தையும் கண்களையும் துடைத்துக்கொண்டார்.

“சரி. இனி இவன் இங்கேயே இருக்கட்டும். நீங்க இருக்கீங்க. எனக்குக் கவலை இல்லை.”

“உங்களுக்கு அப்புறம்தான் நான் போவேன்னு எந்த டாக்டரும் எங்கிட்ட சொல்லலையே. நாளைக்கு இவனைக் கூட்டிக்கிட்டுப் பேச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போங்க. மறுநாள் அதுக்கு அடுத்த வீடு. தெரு முடியுறதுக்குள்ள அவசரப்பட்டுப் போயிராதீங்க.”