சொல்லக் கூடாத மூன்று கேள்விகள்

முன்னொரு காலத்தில், வீட்டுக் கதவுக்கு வரி போட்ட ஒரு மன்னர் இருந்தார். பெயர் முடிகொண்டார். எந்த நாடு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் பல்லக்கில் போகும்போது, "இத்தனை கதவுகளும் என் தெருவைப் பார்த்துத்தானே திறக்கின்றன?" என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவுதான். மறுநாள் வாசல்வரி வந்துவிட்டது.

அந்த நாட்டில் கேள்விக் கட்சி என்று ஒன்று இருந்தது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மன்னருடைய தாத்தா காலத்தில், இன்ன குற்றம் என்றே சொல்லாமல் ஆட்களை நாடு கடத்தினார்கள். சந்தையில் சிலர் கூடி, "குற்றம் என்னவென்று சொல்லிவிட்டுத் தண்டியுங்கள்" என்று கேட்டார்கள். உதைபட்டார்கள். காயம் ஆறியதும் வந்து மறுபடி கேட்டார்கள். கடைசியில் கிழ மன்னர் சலித்துப்போய் ஒரு வழக்கத்தை ஏற்றார்: எது குற்றம் என்று நான்கு வீதியிலும் முரசறைந்த பிறகே அதற்குத் தண்டனை. கட்சி வென்றது அந்த ஒன்றைத்தான்.

அதன்பின் கட்சி மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டது. எங்களைக் கேட்காமல் வரி எதற்கு? விசாரிக்காமல் சிறை எதற்கு? சட்டம் எங்களுக்கு மட்டும் எதற்கு?

அரண்மனை அடிப்பதை விட்டுவிட்டுச் சால்வை போர்த்தத் தொடங்கியது. கட்சியில் பாதிப்பேர் சால்வையோடு சபைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆராவமுதர். மூன்று கேள்விகளையும் இளவயதில் சொல்லாகக் கட்டிக் கொடுத்தவரே அவர்தான். இப்போது அவர் நாட்டின் பிரதானி, அதாவது முதல் மந்திரி.

சால்வை வாங்காத மிச்சப்பேருக்குத் தலைவி பூங்காவனம். வாசல்வரி வந்ததும் சந்தையில் நின்று முதல் கேள்வியைக் கேட்டாள். அன்றே பிடித்துச் சிறையில் போட்டார்கள். அடைத்து வைப்பது தண்டனை ஆகாதாம், அதற்கு முரசு வேண்டாமாம். அவளுடைய அண்ணன் கூத்தபிரான்தான் அரசவை விகடன். மன்னருக்கு அவன்மேல் இருந்த பிரியம் பிரதானிக்கு நெடுநாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"மன்னர் பெருமானே, கேள்விக் கட்சியின் பேச்சைப் பேசுவது குற்றம் என்று முரசறைய வேண்டும்" என்றார் பிரதானி, ஒரு மாதம் கழித்துச் சபையில். "அறைந்துவிட்டால் அந்தப் பெண்ணைக் கடல் கடத்திவிடலாம். நம் கூத்தபிரானே அறிவிக்கட்டும். குரல்வளம் மிக்கவர்."

சபை அடக்கமாகச் சிரித்தது. கூத்தபிரான் மறுத்தால் ராஜத்துரோகம். ஒப்புக்கொண்டால் தங்கையைத் தானே கப்பலேற்றியவன் ஆவான்.

மன்னர் விகடனைப் பார்த்தார். "என்ன சொல்கிறீர்?"

"தங்கள் ஆணை. எவ்வளவு தெளிவாக அறிவிக்க வேண்டும், பெருமானே?"

"தெருக்கோடியில் இருப்பவனுக்கும் புரிய வேண்டும். எது குற்றம் என்று தெரியாது என ஒருவன் சொன்னாலும் உமது தலை போய்விடும்."

கூத்தபிரான் வணங்கிவிட்டு முரசைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

முதலில் கீழ வீதி. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது. இன்று முதல் எவரும் மூன்று கேள்விகளைக் கேட்கக் கூடாது. முதலாவது, 'எங்களைக் கேட்காமல் வரி எதற்கு?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் நாடு கடத்தல்."

சட்டி விற்கும் மாரியாயி கூடையை இறக்கி வைத்தாள். "என்னது கேக்கக் கூடாது? இன்னொரு வாட்டி சொல்லுங்க சாமி. தெரியாம வாயில வந்துடப் போவுது."

அவன் மறுபடி சொன்னான்.

"அட, நல்லாத்தான இருக்கு. இது இத்தன நாளா எனக்குத் தோணலியே."

"தோன்றலாம் அம்மா. கேட்கத்தான் கூடாது."

"ரெண்டாவது என்னய்யா?" என்றார் பக்கத்து வண்டிக்காரர். "எங்க தெருக்காரனுவளும் வரட்டும், இரு. அப்புறம் தெரியாதுன்னுடுவானுவ."

அவன் காத்திருந்தான். ஒவ்வொரு வீதியிலும் காத்திருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பிச் சொன்னான். காது மந்தமானவர்களுக்கு அருகில் போய்ச் சொன்னான். சந்தையில் சிலர் மட்டும் அறிந்திருந்த மூன்று கேள்விகளும் பொழுது சாய்வதற்குள் நகரம் முழுவதற்கும் மனப்பாடமாகிவிட்டன.

மறுநாள் காலையில் அரண்மனை வாசலில் பெருங்கூட்டம். கூச்சல் இல்லை, கல் இல்லை. எல்லோரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். மன்னர் உப்பரிகைக்கு வந்தார்.

"என்ன வேண்டும் உங்களுக்கு?"

மாரியாயி மட்டும் கையை எடுத்தாள். "நேத்து கேக்கக் கூடாதுன்னு தமுக்கடிச்சீங்களே மகராசா, அதுதான்."

மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பிரதானி கொதித்துக்கொண்டிருந்தார். "பெருமானே, இவன் தடை அறிவிக்கவில்லை. கட்சியை வளர்த்துவிட்டு வந்திருக்கிறான். ஆணையை உடனே ரத்து செய்ய வேண்டும்."

"செய்யலாம்" என்றான் கூத்தபிரான். "ரத்துக்கும் முரசறைய வேண்டுமே, பிரதானியாரே. 'இன்று முதல் எவரும், எங்களைக் கேட்காமல் வரி எதற்கு என்று கேட்கலாம்.' இப்போதே புறப்படட்டுமா?"

மன்னரால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தப் பெண்ணுக்காவது தண்டனை..." என்றார் பிரதானி.

"அவள் கேட்டது போன மாதம்" என்றான் கூத்தபிரான். "முரசு நேற்று. முரசுக்கு முந்திய குற்றம் குற்றமல்ல என்பது தங்கள் பழைய கட்சி வாங்கித் தந்த வழக்கம். மறந்திருக்க மாட்டீர்கள்."

பிரதானி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மன்னர் கண்களைத் துடைத்தபடி, "விகடரே, உமக்கும் ஒரு சால்வை" என்றார்.

"வேண்டாம் பெருமானே. அதைப் போர்த்தினால் கேள்வி மறந்துபோகிறது. என் தங்கையைத் தாருங்கள்."

பூங்காவனத்தை அழைத்து வந்தார்கள். மெலிந்திருந்தாள். சபையை வணங்கினாள், நன்றி சொல்லவில்லை.

"உன் அண்ணன் என்னைச் சிரிக்க வைத்தான், பெண்ணே. அதனால் நீ விடுதலை."

"அதுதான் மன்னா எனக்கு உறுத்துகிறது. தாங்கள் சிரித்ததால் நான் வெளியே வந்தேன். நாளை சிரிக்கத் தெரியாத ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்தால் நான் எங்கே இருப்பேன்? எனக்குத் தங்கள் சிரிப்பு வேண்டாம், விசாரணை வேண்டும். வாசல்வரியும் அப்படியேதான் இருக்கிறது."

மன்னரின் சிரிப்பு நின்றது. கூத்தபிரானின் கை தானாகத் தன் கழுத்தைத் தடவியது. மன்னர் வெளியே பார்த்தார். கூட்டம் வாயைப் பொத்தியபடியே நின்றது. அவர் பார்வை திரும்பி வந்து, மூலையில் சுருங்கி நின்ற பிரதானிமேல் விழுந்தது. மெல்ல மெல்ல அவர் முகம் மறுபடி விரிந்தது.

"வாசல்வரி நிற்கட்டும். வீதிக்கு ஒருவர் வந்து பேசிய பிறகு பார்ப்போம். விசாரிக்காமல் இனி எவருக்கும் சிறை இல்லை. தடை ரத்து. பெண்ணே, இதற்கு மேல் இன்று கேட்காதே. விகடரே, முரசைப் பிரதானியாரிடம் கொடும்."

"மூன்றாவது கேள்வி?" என்றாள் பூங்காவனம்.

"அதற்கு நாளைக்கு வா" என்று மன்னர் உரக்கச் சிரித்தார்.

"வருவேன்" என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை.

அன்று மாலை பிரதானி ஆராவமுதர் நான்கு வீதியிலும் முரசறைந்தார். மூன்று கேள்விகளையும் எந்த ஓலையையும் பார்க்காமலே சொன்னார். மேல வீதிக்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது என்று மாரியாயி சொன்னாள். சால்வை தோளிலிருந்து எப்போது நழுவி விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம்.