மலையணில் வாங்கிய மடிக்கணினி

நெடும்பாறைச் சோலையில் செவந்தி என்று ஒரு மலையணில் இருந்தது. அங்கே வைத்தியம் பார்த்து வந்த கரடிக்கு அதுதான் எழுத்தர். கரடிக்குக் கைராசி உண்டு, ஞாபகசக்தி கிடையாது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது, யாருக்கு எது ஆகாது என்பதையெல்லாம் செவந்திதான் தேக்கிலைகளில் எழுதி அடுக்கி வைத்திருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அந்த இலைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. என்ன எழுதியிருந்தது என்று கரடியும் செவந்தியும் கரையானிடமே கேட்டுப் பார்த்தன.

"ருசி மட்டும்தான் நினைவிருக்கிறது" என்றது கரையான்.

செவந்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன் கண்ணெதிரே எழுத்துகள் மண்ணாகப் போனதை அதனால் தாங்க முடியவில்லை. 'இனி ஓர் எழுத்துகூடத் தொலையக் கூடாது' என்று மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டது. சோலை மிருகங்கள் கூடிப் பேசி, ஒரு மடிக்கணினி வாங்கித் தர முடிவு செய்தன.

பட்டுப்போன வேங்கை மரத்தில் மரங்கொத்தியின் கடை இருந்தது. மரங்கொத்தி இரண்டு மடிக்கணினிகளை எடுத்து வைத்தது.

"இதில் உள்ளே ஒரு தட்டு சுழலும். ஆயிரம் ஜிபி கொள்ளும். ஆனால் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். இதோ இதில் சுழல்வது ஒன்றும் இல்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். ஆனால் இருநூற்றைம்பத்தாறு ஜிபிதான்."

"விலை?"

"இரண்டும் ஒரே விலை. வேகம் வேண்டுமா, இடம் வேண்டுமா?"

"இடம்!" என்றது செவந்தி, கேள்வி முடிவதற்குள்.

"உங்கள் வேலை வைத்தியக் குறிப்பு எழுதுவதுதானே? கொஞ்சம் யோசியுங்கள் அம்மா."

"வேகத்துக்கு என் கால்கள் போதும் அண்ணே! ஒரே தாவலில் இருபது அடி போவேன். எனக்குக் குறைவது இடம்தான்."

அந்த நேரம் பார்த்து அடுத்த மலையிலிருந்து பேச்சி என்ற மந்தி வந்தது. அங்கே குரங்குகளுக்கும் முயல்களுக்கும் வைத்தியக் குறிப்பு எழுதுவது அதுதான். மீதியிருந்த சின்ன மடிக்கணினியை எடுத்துக்கொண்டது.

"இதில் என்னத்தை வைப்பாய் பேச்சி?" என்று செவந்தி பரிதாபத்தோடு கேட்டது.

"வேண்டியதை வைப்பேன்" என்றது மந்தி.

வெயில் படும் பாறைமேல் சோலார் தகட்டை விரித்து, செவந்தி வேலையைத் தொடங்கியது. முதலில் மிச்சமிருந்த இலைக்குறிப்புகளை ஏற்றியது. மடிக்கணினிப் பெட்டியில் இடம் அப்படியே இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் செவந்திக்கு மனசு கேட்காது. பலாப்பழம் பழுப்பதை நாளுக்கு நாற்பது படம் எடுத்து ஏற்றியது. மழைச் சத்தத்தைப் பதிவு செய்தது. மறுநாள் மழையும் அதே சத்தம்தான் போட்டது. அதையும் பதிவு செய்தது. ஒவ்வொன்றுக்கும் 'முக்கியம்' என்று பெயர் வைத்தது.

இரண்டு வருடத்தில் பெட்டி நிரம்பியது. திறந்தால் உள்ளே வண்டு சிக்கிக்கொண்டது போல ஒரு சத்தம் வரும். காட்டெருமை தன் குளம்புப் புண்ணுக்குக் குறிப்பு கேட்டு வந்து, காத்திருந்து, ஓடையின் எதிர்க்கரைக்குப் போய் மேய்ந்துவிட்டுத் திரும்பி வரும். அப்போதும் செவந்தி, "இதோ, வந்துவிடும்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலையில் தும்பை என்ற தாய்முயலை அதன் மூன்று குட்டிகளும் தள்ளிக்கொண்டு வந்தன. அடுத்த மலையிலிருந்து சென்ற கோடையில்தான் அந்தக் குடும்பம் இங்கே குடிவந்திருந்தது. தும்பையின் வாயில் நுரை தள்ளியது.

"அம்மா ஒரு மஞ்சள் காளானைத் தின்னுட்டாங்க!" என்றது மூத்த குட்டி.

கரடி அம்மிக்கல்லை இழுத்துப் போட்டது. "காளான் விஷத்துக்கு என்னிடம் இரண்டு வேர் இருக்கிறது. கசப்பு வேர் ஒன்று, துவர்ப்பு வேர் ஒன்று. ஒன்று காப்பாற்றும். ஆகாத உடம்புக்குக் கொடுத்தால் அதுவே கொன்றுவிடும். செவந்தி, தும்பைக்கு எது ஆகும்?"

"வந்தபோதே பேச்சியிடம் கேட்டு ஏற்றி வைத்திருக்கிறேன் வைத்தியரே!" செவந்தி பெட்டியைத் திறந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

"என்ன சொல்கிறது?" என்று கரடி கேட்டது.

"சுற்றுகிறது."

"சுற்றி முடித்ததும் சொல்லுமா?"

"முடித்ததும் திறக்கும். திறந்ததும் தேட வேண்டும்."

"எங்க அம்மாவும் சுற்றிச் சுற்றித்தான் விழுந்தாங்க" என்றது நடுக்குட்டி.

செவந்தி தும்பையின் காதைத் தொட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது. வட்டம் இன்னும் சுற்றியது. பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாக இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. ஒன்றும் கைக்கும் வரவில்லை.

"வைத்தியரே, இரண்டு வேரையும் அரைத்துத் தயாராக வையுங்கள்!" என்று கத்திவிட்டு அது மரத்தில் ஏறியது.

கிளைக்குக் கிளை தாவியது. பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் மரமே இல்லை. செவந்தி கண்ணை மூடிக்கொண்டு தாவியது. எதிர்ப்பாறையில் வயிறு உரசி இரத்தம் வந்தது. நிற்கவில்லை.

"பேச்சி! தும்பை முயல்! கசப்பா, துவர்ப்பா?"

மந்தி காரணம் கேட்கவில்லை. மூடியைத் தூக்கியது, இரண்டு எழுத்து தட்டியது.

"துவர்ப்பு. கசப்பு வேர் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்."

செவந்தி வந்த வழியே பறந்தது.

"துவர்ப்பு!" என்று சோலைக்கு வெளியிலிருந்தே கூவியது. கரடி மருந்தைத் தும்பையின் வாயில் ஊற்றியது. குட்டிகள் மூன்றும் அம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து அந்த வயிறு மேலும் கீழும் சீராக அசைந்தது.

அப்போதுதான் பாறைமேல் இருந்த பெட்டி திறந்தது. கரடி அதில் 'முயல்' என்று தேடச் சொன்னது. 'முயல்' என்ற பெயரில் ஒன்றும் இல்லை. 'முக்கியம்' என்ற பெயரில் பதினோராயிரம் வந்து நின்றன.

தும்பை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் பின்னங்கால் ஒன்று மரத்துப்போனது, பிறகு சரியாகவே இல்லை. "சற்று முந்தியிருந்தால் காலும் தப்பியிருக்கும்" என்று கரடி சொன்னது. அது யாரையும் திட்டிச் சொல்லவில்லை. செவந்திக்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் செவந்தி மரங்கொத்தியின் கடைக்குப் போய்ச் சின்னப் பெட்டி ஒன்றைக் கேட்டது.

"பெரியதை என்ன செய்யப்போகிறீர்கள்?"

"பழசையெல்லாம் அதிலேயே வைத்திருக்கிறேன் அண்ணே. அவசரத்துக்கு வேண்டியது மட்டும் இதில்."

எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க மூன்று நாள் ஆனது. ஒவ்வொன்றையும் ஒதுக்கும்போது செவந்திக்கு வலித்தது. கடைசியில் சோலையிலுள்ள அத்தனை உயிர்களின் குறிப்பும் அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை.

ஆபத்து நேரத்தில் கைக்கு வராத சேமிப்பு, மலையளவு இருந்தாலும் இல்லாததற்குச் சமம்.