திரும்பி வர என்ன கூலி?

காட்டு ஏரியின் கரையில் ஒரு புதுஜோடி குடியிருந்தது. பெண், பவளாயி என்ற முள்ளம்பன்றி. மாப்பிள்ளை, வேம்பன் என்ற கீரி. அவள் இரவில் விழிப்பவள். அவன் பகலில் திரிபவன். கல்யாணத்தன்று போட்ட மாலை பவளாயியின் முதுகு முள்ளில் சிக்கி நின்றுவிட்டது. அதை எடுக்கப் போன வேம்பனின் மூக்கிலும் ஒரு முள் குத்தியது! இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படிப்பட்ட ஜோடி.

கல்யாணம் முடிந்ததும் காடே கேட்டது: "தேனிலவு எங்கே?"

ஏரியின் நடுவே ஒரு தீவு இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் பாறையும் மரமும் நீலமாகத் தெரியும். அங்கே போகவே இருவருக்கும் ஆசை.

முதலில் கூழைக்கடாப் பறவை வந்தது. "என் அலகுப் பைக்குள்ளே உட்கார்ந்தா போதும்! ராஜா மாதிரி கொண்டுபோய் இறக்கறேன். தாமரைப் படுக்கை, மூணு வேளையும் மீன், சாயங்காலம் தவளைக் கச்சேரி!"

"கூலி?" என்று கேட்டான் வேம்பன்.

"மழைக்காலம் முழுக்க நீங்க தேடற சாப்பாட்டுல பாதி!"

"பாதியா! அப்புறம் குடும்பம் எப்படி நடத்தறது?" என்றாள் பவளாயி. "அதோட, படுத்துக் கிடக்கவா தீவுக்குப் போறோம்? பாறை ஏறணும், குழி தோண்டணும், வானத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடணும்!"

கூழைக்கடா அவள் முதுகை ஒருமுறை பார்த்தது. "அதுவும் நல்லதுதான். என் பை தப்பிச்சுது!" என்று பறந்துவிட்டது.

அடுத்து தவளை வந்தது. "நான் சும்மாவே அனுப்பி வைக்கறேன்! இந்தத் தாமரை இலை மேல ஏறுங்க!"

வேம்பன் ஒரு காலை வைத்தான். இலையும் காலும் சேர்ந்தே தண்ணீருக்குள் போயின.

"ஒல்லியான ஜோடின்னு நினைச்சுட்டேன்!" என்று சொல்லிவிட்டுத் தவளை குதித்து ஓடியது.

கடைசியில் ஒரு பெரிய ஆமை கரையேறி வந்தது. எல்லாரும் அதை ஆமையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என் முதுகு அகலம். ஒரு குவியல் கிழங்கு தோண்டிக் குடுங்க, தீவுல கொண்டுபோய் விடறேன். அதிகமும் இல்லை, குறைச்சலும் இல்லை."

"இது நியாயமான கூலி!" என்றான் வேம்பன். அன்றே கிழங்கு கைமாறியது.

புறப்படும் நேரம் வழியனுப்ப அணிலும் முயலும் வந்தன. ஆமையின் முதுகில் ஏறிய பவளாயி சுற்றிலும் பார்த்தாள். இவ்வளவு தண்ணீர்! அவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"அக்கா, நாங்க திரும்பி வரணும்னா..."

"ஐயையோ!" என்று அணில் வாலைத் தூக்கிக் கத்தியது. "கிளம்பற நேரத்துல கேள்வி கேக்காதடி! சகுனத்தடை!"

"போறதுக்கு முன்னாடியே திரும்பறதைப் பத்திப் பேச்சா? நல்ல புதுப்பொண்ணு!" என்று முயல் இடித்துக் காட்டியது.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!" என்று சிரித்தான் வேம்பன்.

எல்லாரும் சிரித்தார்கள். பவளாயியும் சிரித்துவைத்து, கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டாள். ஆமையக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் கொஞ்சம் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு நீந்தத் தொடங்கியது.

தீவு நினைத்தபடியே அருமையாக இருந்தது. பகலில் வேம்பன் பாறை பாறையாகத் தாவினான். இரவில் பவளாயி ஆசைதீரக் குழி தோண்டினாள். அந்தி சாயும் நேரத்தில் இருவரும் விழித்திருப்பார்கள்; அப்போது பாறை உச்சியில் உட்கார்ந்து பழம் தின்பார்கள். பாறை இடுக்குகளில் அவள் நுழையும்போது பழைய முட்கள் உதிர்ந்தன. வேம்பன் அவற்றைப் பொறுக்கி, கோரைப்புல்லால் ஒரு கட்டாகக் கட்டி வைத்தான். "கல்யாணப் பரிசு, மூக்குல குத்தாத வகை!" என்றான்.

நாளாக நாளாகப் பழம் தீர்ந்தது. வீட்டு நினைப்பும் வந்தது. இருவரும் ஆமையக்காவைக் கூப்பிட்டார்கள்.

"கொண்டுவந்து விடத்தானே கிழங்கு வாங்கினேன்? திரும்பிப் போக வேற கூலி," என்றது ஆமை.

"என்ன கூலி?" என்று கேட்டாள் பவளாயி.

"உன் முதுகுல இருக்கற முள்ளு அத்தனையும்!"

பவளாயி இரண்டடி பின்வாங்கினாள். அக்கரைப் புதரில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. முள் இல்லாமல் இறங்கினால் தோலுரித்த கிழங்குக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

"இது அநியாயம்!" என்று வேம்பன் சீறினான்.

"எது அநியாயம்? என் முட்டைக்குழிக்கு வேலி வேணும். போன வருஷம் ஒரு முட்டைகூட மிஞ்சலை. தின்னது யாரு? உன் இனம்தான்!"

"நான் தின்னலை!"

"நீ தின்னலைன்னா உன் மாமன் தின்னிருப்பான்!"

பவளாயி முள்கட்டை நீட்டினாள். "அக்கா, இதோ உதிர்ந்த முள்ளு. இதை வெச்சுக்கோ."

"பழசு. பத்தவும் பத்தாது. யோசிச்சுச் சொல்லு. உங்களை வேற யாரு ஏத்திட்டுப் போவா?" என்று சொல்லிவிட்டு ஆமை நீருக்குள் மறைந்தது.

பவளாயி கரையோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். 'அன்னைக்கே கேட்டிருக்கணும். நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க!' ஆத்திரத்தில் உடம்பைச் சிலுப்பினாள். முட்கள் சலசலத்தன. ஒரு முள் கழன்று தண்ணீரில் விழுந்தது.

மூழ்கிவிடும் என்று பார்த்தாள். மூழ்கவில்லை. காய்ந்த புல் மாதிரி மிதந்து, அலையோடு ஆடியது. முள்கட்டைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள். அதுவும் மிதந்தது!

"வேம்பா, இங்கே பாரு! இது மிதக்குதுன்னா நானும் மிதப்பேன்!"

"அகலமான ஏரி பவளாயி..."

"அதான் உனக்கு அந்த முள்ளுக்கட்டு இருக்கே! கட்டிப் பிடிச்சுக்கோ!"

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். வயிறு நனைந்தது, கழுத்து நனைந்தது. கால் தரையை விட்டது. ஆனால் முதுகு அமிழவில்லை! அத்தனை முட்களும் சேர்ந்து அவளைத் தூக்கிப் பிடித்தன. கால்களை உதைத்தாள். நகர்ந்தாள். பின்னாலேயே வேம்பன் முள்கட்டை அணைத்துக்கொண்டு வந்தான்.

"வேம்பா, எனக்குப் பயமா இருக்கு!"

"எனக்குந்தான்! அன்னைக்கு ஆமை மேல ஏறும்போதே பயந்தேன்!"

"அப்போ ஏன்டா சொல்லலை?"

"மாப்பிள்ளை முறுக்கு!"

பாதி ஏரி தாண்டியபோது பின்னால் ஆமையின் தலை எழும்பியது. "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தியது. யார் நிற்பார்கள்? கால் ஓய்ந்தது, மூச்சு வாங்கியது. ஆனாலும் உதைத்தார்கள். கடைசியில் பவளாயியின் காலுக்கடியில் கொழகொழவென்று சேறு தட்டுப்பட்டது. கரை! அவள் அந்தச் சேற்றிலேயே படுத்து, அழுகையும் சிரிப்புமாகப் புரண்டாள். முதுகில் முட்கள் பத்திரமாக இருந்தன. பக்கத்தில் வேம்பன் தும்மிக்கொண்டிருந்தான்.

ஆமையக்காவும் மூச்சிரைக்கக் கரையேறியது. "இனிமே என் முதுகுல யாரும் ஏறமாட்டாங்க, இல்ல?" என்று முனகியது.

பவளாயி முள்கட்டை எடுத்து அதன் முன்னால் வைத்தாள். "வேலிக்கு இதை வெச்சுக்கோ அக்கா. இனிமே உதிர்றதும் என் வளை வாசல்லயே கிடக்கும், வந்து அள்ளிக்கோ. கிளம்பும்போதே சொல்லியிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!"

"சொன்னா நீங்க ஏறமாட்டீங்களோன்னு பயந்தேன்," என்றது ஆமை. தலை இன்னும் உள்ளே போயிற்று.

"நான் கேட்டா சிரிப்பாங்களேன்னு பயந்தேன்," என்றாள் பவளாயி.

அதற்குள் அணிலும் முயலும் ஓடிவந்தன. "தீவு எப்படிடி இருந்துச்சு? சொல்லு, சொல்லு!"

"தீவு ரொம்ப நல்லா இருந்துச்சு. வீடு அதைவிட நல்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் பவளாயி தன் வளைக்குள் புகுந்து நிம்மதியாகச் சுருண்டு படுத்தாள்.

நாலு பேர் சிரித்தாலும் சரி, எங்கே கிளம்பினாலும் திரும்பி வரும் வழியை முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.