ஓதுவாரும் தூதுவளையும்

"இந்த முள்ளுச் செடிகிட்டயா நான் உத்தரவு கேக்கணும்?"

அம்பலவாண ஓதுவாருக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. சந்நிதியில் காலமெல்லாம் தேவாரம் பாடிய தொண்டை, ஐப்பசி மழையோடு கட்டிக்கொண்டுவிட்டது. மார்கழித் திருவாதிரைக்குள் திறக்காவிட்டால் கோயிலில் வேறு ஆள் பாடுவார். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் மலையடிவாரத்துக்கு வந்தார். அங்கே மூலிகைத் தோட்டம் வைத்திருந்த செங்கமலத்தம்மாளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்.

"மருந்து மட்டும் வேணும்னா கடையில கிடைக்கும். செடியோட பழகணும்னா இங்க தங்குங்க."

ஓதுவார் தங்கினார். கடை மருந்தையெல்லாம் தின்று பார்த்தவருக்கு வேறு போக்கிடம் ஏது?

இப்போது அவள் வேலியில் படர்ந்திருந்த தூதுவளையை மறுபடியும் காட்டினாள்.

"கும்பிட்டு, 'ஒன் இலையைத் தா'ன்னு கேட்டுத்தான் பறிக்கணும்."

"கேக்கதுக்குக் குரல் வேணுமே, அம்மா."

"செடிக்கும்தான் குரல் இல்ல. கேளுங்க."

ஓதுவார் கும்பிட்டார். தோளில் கிடந்த துண்டு தோளிலேயே கிடந்தது. சுவாமிக்கு முன்னால் மட்டும்தான் அதை எடுத்து இடுப்பில் கட்டுவார். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கே கட்டாதவர் வேலிக்கா கட்டுவார்? உதட்டைச் சும்மா அசைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

விரலெல்லாம் ரத்தம்.

"என்ன தெரிஞ்சுது?" என்றாள்.

"முள்ளு இருக்கு."

"எங்க?"

"தொட்ட இடமெல்லாம்."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் வந்து சொன்னார்.

"தண்டுல இருக்கு. இலைக்கு அடியில, நரம்பு மேலயும் இருக்கு. பூனை நகம் மாதிரி வளைஞ்சிருக்கு."

"இனிமே பறிங்க."

தினமும் கும்பிட்டார், பறித்தார், இலை இலையாக முள் ஆய்ந்தார். அவள் ரசம் வைத்தாள், துவையல் அரைத்தாள். ஊதாப் பூ எப்போது விரிகிறது, சிவந்த பழத்தைத் தேடி எந்தக் குருவி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தானாகவே பிடிபட ஆரம்பித்தது.

ஒரு நாள் ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அம்மா, இது எங்க வீட்டு வேலியிலயும் கிடந்துது. வேட்டியைக் கிழிக்குதுன்னு வருஷா வருஷம் வெட்டி எரிச்சேன்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவருடைய ரசத்தில் இன்னொரு பிடி இலையைப் போட்டாள்.

கார்த்திகை முடியப்போகிற ஒரு காலையில், வழக்கம்போல் கும்பிட்டு உதட்டை அசைத்தார்.

"ஒன் இலையைத் தா."

முழுச் சத்தம். யார் பேசியது என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகுதான் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. பறிக்க வந்ததையும் மறந்து அடுப்படிக்கு ஓடினார்.

"அம்மா! ஒங்களுக்கு நான் என்ன செய்யப்போறேன்? எங்கிட்ட பாட்டுதான் இருக்கு. உக்காருங்க, மொதப் பதிகம் ஒங்களுக்குத்தான்."

செங்கமலத்தம்மாள் உட்காரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அவரைத் திரும்பக் கூட்டிப்போய் வேலிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இதுக்கா? இதுக்குப் பாட்டு கேக்குமா, அம்மா?"

"குரலே இல்லாம நீங்க பேசினது கேட்டுச்சே."

ஓதுவார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.